இலைக் கம்பெனியில் வசந்தம்

முதல் பூ மலர்வதற்கு முன்பே பசை தீர்ந்துவிட்டது.

பிளாரன்ஸ் டீச்சர் சட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். கவிழ்த்துப் பார்த்தாள். கழுவி வைத்தது போல இருந்தது.

"சந்தனமாரி, பசை எங்க?"

"இங்கனதான் வச்சேன் டீச்சர்."

"இங்கனதான்னா எங்கன?"

ஆயா சந்தனமாரி பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு பிள்ளைகளின் வாயைச் சுற்றியும் வெள்ளை வளையம் இருந்தது. மூன்று வயதுப் பால்துரை மட்டும் தன் விரல்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தான், எதிலாவது மிச்சம் இருக்கிறதா என்று.

"பால்துரை, பசையைத் தின்னியாலே?"

"இல்ல."

"வாயைத் தொற."

திறந்தான். திறந்த வாயை மூடாமலே, "இன்னும் வேணும்" என்றான்.

ஒட்டுவதற்காக வெட்டி வைத்த காகிதங்கள் மட்டும் ஒரு கசங்கலும் இல்லாமல் அப்படியே கிடந்தன.

அந்தக் கம்பெனிக்கு ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. தூத்துக்குடியில் யாரும் அதைச் சொல்வதில்லை. இலைக் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். சுற்று வட்டாரத்துக் காடுகளில் விளையும் நிலாவாரை இலை முழுவதும் அங்கேதான் வந்து சேரும். சரக்குக் கிட்டங்கியில் பெண்கள் உட்கார்ந்து குச்சியும் கல்லும் பொறுக்கி எடுத்து, நல்ல இலையை மூட்டையாக்குவார்கள். மூட்டை கப்பலேறிச் சீமைக்குப் போகும். "நம்ம இலையைக் கசாயம் வச்சுக் குடிச்சாத்தான் சீமையில பெரிய பெரிய பிரபுக்களுக்கே காலையில வயிறு இளகுது, தெரியுமா?" என்று ஹெட் கிளார்க் பர்னபாஸ், பிரபுக்களோடு பழகியவர் போலச் சொல்லிக்கொள்வார். உலகச் சண்டை உச்சத்தில் இருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்காம் வருஷத்திலும் சீமையில் மலச்சிக்கல் குறையவில்லை. கம்பெனி நன்றாகவே நடந்தது.

இலை பொறுக்கும் பெண்களின் பிள்ளைகள் முன்பெல்லாம் தாயின் பக்கத்திலேயே கிட்டங்கிக்குள் கிடப்பார்கள். இலைத்தூசி மூக்கில் ஏறி, நாள் முழுவதும் இருமுவார்கள். சென்னையில் இருந்த பெண்கள் நலக் கமிட்டி ஒன்று, விடாமல் எழுதி எழுதித்தான், போன வருஷம் கம்பெனி மனமிரங்கி மதிலோரமாக ஓர் ஓட்டுக் கொட்டகையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியது. பிளாரன்ஸ் டீச்சரானாள். பிள்ளைகளின் இருமல் ஒரு மாதத்தில் நின்றது.

ஆனால் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரைக்கு அந்தக் கொட்டகை மேல் கண். சாக்கு அடுக்க இடமில்லை என்று அவர் ஆறு மாதமாக முனகிக்கொண்டிருந்தார். மாசி மாதக் கடைசியில் கமிட்டியிலிருந்து ஒரு அம்மாள் பார்வையிட வருகிறாள். அவள் 'நன்று' என்று எழுதினால் கொட்டகை பிள்ளைகளுக்கு, எழுதாவிட்டால் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சாக்குகளுக்கு. இது துரையின் உத்தரவு.

அந்த அம்மாள் வருவதற்கு முன் அவளுடைய சுற்றறிக்கை வந்தது. அதில் 'பள்ளி செல்லாச் சிறு குழந்தைகளுக்கான வசந்தகால மலர்க் கைவேலை' என்று தலைப்பு. டாபடில், டியூலிப், பனித்துளிப் பூ ஆகிய சீமை மலர்களைக் குழந்தைகள் தம் கையாலேயே காகிதத்தில் ஒட்டிச் செய்ய வேண்டும். பசை புதிய மைதா மாவில் தினந்தோறும் காய்ச்சப்பட வேண்டும். மாவில் வண்டு இருக்கக் கூடாது. பூச்சி அரிக்காமல் இருக்கப் போடும் துத்தம் சேர்க்கக் கூடாது. தலைக்கு இத்தனை அவுன்ஸ் மாவு என்று ஒரு கணக்கும் இருந்தது.

"துரைசாணி ரொம்பக் கண்டிஷனான ஆளு போல" என்றார் பர்னபாஸ். சுற்றறிக்கையின் அடியில் இருந்த கையெழுத்தைத் தொட்டுக் காட்டினார். "பாத்தியளா, மிஸ் ஈ. வில்பிரட். அசல் வெள்ளைக்காரப் பேரு."

சாயர்புரத்தில் பிறந்து பர்னபாஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட மனிதருக்கு, வில்பிரட் என்ற பெயர் லண்டனுக்கு வெளியே இருக்க முடியும் என்று தோன்றவே இல்லை.

"சார், டாபடில்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள் பிளாரன்ஸ்.

பர்னபாஸ் பென்சிலை எடுத்து ஒரு படம் வரைந்தார். ஒலிபெருக்கிக் குழாய் ஒன்று தட்டில் விழுந்து கிடப்பது போல இருந்தது.

"இது பூவா?" என்றாள் சந்தனமாரி. "மாசி மாசத்துல இங்கன உடைமரம்தான் பூக்கும். அதைச் செஞ்சா என்ன?"

"உடைமரமா? ஏளா, வாரது யாரு தெரியுமா? உடைமரத்தைப் பாக்கவா ஒருத்தி சென்னையிலேர்ந்து வாரா?"

பனித்துளிப் பூவைப் பற்றி பிளாரன்ஸ் கேட்கவில்லை. பனி என்றால் அவளுக்குத் தெரிந்தது பனிமய மாதா ஒருத்திதான். வரையத் தெரியாததை மாதாவிடம் ஒப்படைத்துவிட்டாள்.

பூ மலராததற்குக் காரணம் பிள்ளைகளின் குறும்பு என்று எழுதினால் அது பொய். காரணம் பசி. தாய்மார் விடியுமுன் எழுந்து, ஓர் உருண்டைக் களியைப் பிள்ளை வாயில் திணித்துவிட்டு வேலைக்கு ஓடி வருவார்கள். மத்தியானச் சங்கு ஊதும்வரை பிள்ளைகளுக்கு வேறு ஒன்றும் கிடையாது. பத்து மணிக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊற்றக் கம்பெனி உதவ வேண்டும் என்று பிளாரன்ஸ் மனு எழுதிக் கொடுத்தாள். 'இடம் தருவது கம்பெனியின் கடமை, உணவு தருவது பெற்றோர் கடமை' என்று பதில் வந்தது. மறுபடியும் எழுதினாள். அதே பதில் வந்தது. இந்தத் தடவை தட்டச்சில்.

இப்போது அவள் ஒரு துண்டுக் காகிதத்தில், 'பூ ஒட்டும் பசைக்கு மாவு போதவில்லை' என்று எழுதி அனுப்பினாள். மூட்டைக்கு லேபிள் ஒட்ட வாங்கி வைத்திருந்த மைதாவிலிருந்து ஒரு பெரிய டின், அரை மணி நேரத்தில் கொட்டகைக்கு வந்தது. தூக்கி வந்தவன் பின்னாலேயே பர்னபாஸும் வந்தார்.

"கலைக்குன்னா கம்பெனி கஞ்சத்தனம் பாக்காது டீச்சர். தாராளமா காய்ச்சுங்க."

மறுநாள் பசைச் சட்டிக்குச் சந்தனமாரியைக் காவல் வைத்தாள் பிளாரன்ஸ். கையில் ஓர் ஈர்க்குச்சியும் கொடுத்தாள். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தபோது சட்டி காலி. ஈர்க்குச்சி கீழே கிடந்தது.

"நீ எங்க போன?"

"இங்கனதான் இருந்தேன்."

"பின்ன எப்படி?"

"பால்துரை வந்து முன்னால நின்னான். சட்டியைப் பாக்கலை, என்னையத்தான் பாத்தான். எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. கண்ணை மூடிக்கிட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"எல்லாரும் தின்னு முடிக்கிற வரைக்கும்."

பிளாரன்ஸுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைச் சந்தனமாரி மேல் காட்ட முடியாமல், பசை மேல் காட்டினாள். மூன்றாம் நாள் பசையில் வேப்பெண்ணெயைக் கலந்தாள்.

யாரும் தின்னவில்லை. ஆனால் நக்கிப் பார்க்காமல் யாரும் இருக்கவும் இல்லை. இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் எடுத்த அழுகை கிட்டங்கிக்குள் கேட்டு, தாய்மார் இலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் வந்தவள் பால்துரையின் தாய் சுடலைமாடத்தி.

"யாரு எம் பிள்ளையை அடிச்சது?"

"யாரும் அடிக்கல, சுடலைமாடத்தி. பசை கசக்குன்னு அழுதான்."

"பசை கசக்குன்னு அழுதானா? பசையையா அவனுக்குத் திங்கக் குடுக்கிய?"

"நாங்க குடுக்கல. அவனா எடுத்துத் திங்கான்."

"பசிக்காத பிள்ளை பசையைத் திங்குமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டதே தன்னைக் குத்தியது போலச் சுடலைமாடத்தி வாயை மூடிக்கொண்டாள். பிள்ளையின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று முதல்முறையாக எட்டுப் பூக்கள் ஒட்டப்பட்டன. பழைய சரக்குச் சீட்டுக் காகிதத்தில் வெட்டிய இதழ்கள். சண்டைக் காலத்தில் வேறு காகிதம் ஏது? மஞ்சள் பூவுக்கு மஞ்சள்தூள். சிவப்புக்கு மஞ்சளும் சுண்ணாம்பும். பர்னபாஸ் பூரிப்போடு ஒன்றை எடுத்து முகர்ந்தார். உடனே கைக்குட்டையையும் எடுத்தார்.

"என்ன டீச்சர் இது, பூவா, பிரசவ அறையா? துரைசாணி மூக்குல இந்த வாடை ஏறலாமா? எல்லாத்தையும் தூரப் போடுங்க!"

எட்டுப் பூவும் அடுப்புக்குப் போயின.

அன்று சாயங்காலம் கோயிலில் முழங்காலில் நின்றபோது பிளாரன்ஸுக்கு ஜெபம் ஓடவில்லை. சுடலைமாடத்தி கேட்டதுதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. பசித்த பிள்ளையின் வாய்க்கு வேப்பெண்ணெய் தடவிய கை இது என்று தன் கையைப் பார்த்தாள். அதற்கு மேல் மாதாவைப் பார்க்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

நான்காம் நாள் காலையில் மாவை இரண்டு பங்காகப் பிரித்தாள். ஒரு பங்கைக் கெட்டியாகக் காய்ச்சினாள். இன்னொரு பங்கைத் தண்ணீர் விட்டு இளக்கமாகக் காய்ச்சினாள். சந்தனமாரி தன் மடியிலிருந்து ஒரு துண்டுக் கருப்பட்டியை எடுத்து நீட்டினாள். அதை ஏன் மடியில் வைத்திருந்தாள் என்று பிளாரன்ஸ் கேட்கவில்லை.

"முதல்ல இதைக் குடிக்கட்டும். வயிறு நெறஞ்சா அதைத் தொடமாட்டாங்க. அப்புறம் பூ ஒட்டலாம்."

யோசனை பலித்தது. வயிறு நிறைந்த பிள்ளைகள் கெட்டிப் பசையை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஏனென்றால் இருபத்திரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள்.

"எழுப்பவா டீச்சர்?"

பிளாரன்ஸ் பார்த்தாள். பால்துரை ஒரு டாபடில் இதழைக் கையில் பிடித்தபடி, வாய் லேசாகத் திறந்திருக்க, வயிறு ஏறி இறங்கத் தூங்கினான்.

"வேண்டாம். நீ அந்தக் கத்தரிக்கோலை எடு."

இப்படித்தான் இலைக் கம்பெனியில் வசந்தம் வந்தது. காலை பத்து மணிக்குக் கஞ்சி, பத்தரைக்குத் தூக்கம், பிறகு ஒரு டீச்சரும் ஓர் ஆயாவும் உட்கார்ந்து பள்ளி செல்லாச் சிறு குழந்தைகளுக்கான மலர்க் கைவேலையைச் செய்தார்கள். ஒரு வாரத்தில் நாற்பது பூக்கள் சேர்ந்துவிட்டன. உற்றுப் பார்த்தால் இதழ்களில் கப்பல் பெயரும் மூட்டை எடையும் தெரியும். மற்றபடி அழகாகவே இருந்தன.

அம்மாள் வருவதற்கு முந்திய நாள் பர்னபாஸ் அறிவிப்பில்லாமல் வந்தார். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் வரிசையாகத் தகரக் குவளையில் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னது இது?"

"பசை, சார்."

"பசையைக் குவளையில ஊத்திக் குடிக்காங்க?"

பிளாரன்ஸ் பொய் சொல்லத் தெரியாதவள். உள்ளதைச் சொன்னாள். பர்னபாஸின் முகம் சிவந்தது. "கலைக்குன்னு கம்பெனி குடுத்த மாவு! அதை வயித்துக்குள்ள ஊத்துதிய! இது பச்சைத் திருட்டு டீச்சர்! நாளைக்கு மிஸ் வில்பிரட் வரட்டும், போகட்டும். அதுக்கப்புறம் பேசிக்கலாம். இன்னைக்கு இனி ஒரு சொட்டு கஞ்சி கிடையாது. எல்லாப் பிள்ளையையும் உக்கார வச்சு, அவங்க கையாலயே ஒட்டச் சொல்லுங்க." பூக்களை எண்ணி வந்தவர் சட்டென்று நின்றார். "ஆமா, இலை எங்க?"

"எந்த இலை?"

"பூவுக்குக் காம்பு வேண்டாம்? இலை வேண்டாம்? ஒண்ணுலகூடப் பச்சையே இல்லையே!"

"பச்சைச் சாயம் கடையில இல்ல, சார்."

பர்னபாஸ் சிரித்தார். மற்றவர்களின் மூளைக் குறைவைப் பார்க்கும்போது மட்டும் அவர் அப்படிச் சிரிப்பார். "கிட்டங்கி பூராப் பச்சையை வச்சுக்கிட்டு கடைக்குப் போறியளே! நிலாவாரையை நைசா அரைச்சுப் பசையில கலந்து தடவுங்க. நம்ம கம்பெனி இலை, நம்ம கம்பெனிப் பூ. துரைக்கும் பெருமை."

"சார், அது பேதி இலை..."

"தின்னவா சொன்னேன்? ஒட்டத்தானே சொன்னேன்?"

அவரே ஆள் அனுப்பி ஒரு கூடை இலை கொண்டுவரச் செய்தார். அவரே நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். வழக்கமான கஞ்சி பாதியில் பறிபோன பிள்ளைகள் பச்சைப் பசைச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பதினொன்றரை மணிக்குத் துரை கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. பர்னபாஸ் எழுந்து போனார். பிளாரன்ஸ் காயப்போட்ட பூக்களை எடுக்க வெளியே போனாள். சந்தனமாரி தண்ணீர் எடுக்கப் போனாள். இரண்டு பேரும் திரும்பி வர ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சட்டி காலி. இந்தத் தடவை வளையங்கள் பச்சை.

"மாதாவே!" என்றாள் பிளாரன்ஸ்.

"இந்த நிறமும் இனிச்சுதாலே உனக்கு?" என்றாள் சந்தனமாரி, பால்துரையிடம்.

"கசந்துச்சு," என்றான் பால்துரை. "ஆனா பசிச்சுது."

நிலாவாரை இலை நேரம் தவறாது. சீமைப் பிரபுக்களுக்கு எப்படி வேலை செய்யுமோ, அப்படியே இலை பொறுக்குகிறவளின் பிள்ளைக்கும் வேலை செய்யும். அந்த வகையில் அது கம்பெனியைவிட நியாயமானது. இரவு முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளை, விடிந்ததும் தாய்மார் இடுப்பில் தூக்கி வந்து கொட்டகையில் விட்டார்கள். வேறு எங்கே விடுவது? சுடலைமாடத்தி மட்டும் வாசலில் நின்றாள்.

"என்னத்தக் குடுத்திய டீச்சர்?"

பிளாரன்ஸ் சொன்னாள். பர்னபாஸ் பெயரைச் சொல்லவில்லை. தான் கவனக்குறைவாக இருந்துவிட்டதாக மட்டும் சொன்னாள்.

"நீங்க எழுதுன மனுவையெல்லாம் நாங்க கேள்விப்பட்டோம்," என்றாள் சுடலைமாடத்தி. திட்டுவதற்காகத்தான் வந்திருந்தாள். "மோர் கொண்டாந்திருக்கேன். எல்லாப் பிள்ளைக்கும் குடுங்க," என்று ஒரு செம்பை வைத்துவிட்டுப் போனாள்.

பர்னபாஸ் இந்தக் கலவரம் எதுவும் அறியாமல், ரோஜா மாலையோடும் துரையின் மோட்டாரோடும் காலையிலேயே ரயிலடிக்குப் போயிருந்தார். முதல் வகுப்புப் பெட்டியின் முன்னால் போய் நின்றார். அதிலிருந்து ஓர் உப்பு வியாபாரியும் இரண்டு பட்டாளத்துக்காரர்களும் இறங்கினார்கள். பர்னபாஸ் மாலையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தார்.

கொட்டகையில் பிளாரன்ஸும் சந்தனமாரியும் பிள்ளைகளைத் தொட்டியடிக்குத் தூக்குவதும் கழுவுவதும் திரும்பப் படுக்கவைப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். கழுவி முடித்த பிள்ளைக்கே மறுபடி கழுவ வேண்டியிருந்தது. அப்போது, நாற்பது வயதுள்ள கறுத்த, குள்ளமான ஒரு பெண், சாதாரண நூல் சேலையில், கையில் ஒரு துணிப்பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"புதுசா வேலைக்குச் சேர்ந்தவியளா?" என்றாள் பிளாரன்ஸ், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "நல்ல நேரத்துக்கு வந்திய. பையை அங்கன வச்சிட்டு இந்தப் பிள்ளையைப் பிடிங்கம்மா."

அந்தப் பெண் பையை வைத்தாள். சேலையைச் செருகிக்கொண்டாள். பிள்ளையைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் ஒரே நாள்ல எப்படி?" என்று கேட்டாள்.

பிளாரன்ஸ் மடை திறந்தாள். பத்து நாளாக மனதில் அடக்கியதை எல்லாம், பெயர் தெரியாத அந்தப் பெண்ணிடம், தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். மனு எழுதியது, மாவு வந்தது, வேப்பெண்ணெய் ஊற்றியது, கஞ்சி குடித்தது, பிள்ளைகள் தூங்கியது, பச்சைப் பசை எல்லாம். "இன்னைக்கு ஒரு துரைசாணி வாரா. பிள்ளைகள் செஞ்ச பூ எங்கன்னு கேப்பா. ஒரு பூகூட இதுக செஞ்சது இல்ல. கொட்டகையை மூடிருவாங்க. நாளைக்கு இதுக எல்லாம் மறுபடி இலைத்தூசிக்குள்ளதான்."

"செஞ்சது இதுகதான்னு சொல்லிற வேண்டியதுதானே?"

"எப்படிம்மா சொல்ல? காலையில எழுந்து ஜெபம் பண்ணுத வாயி."

அந்தப் பெண் மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டாள். மோரில் உப்புப் போட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் புகட்டினாள். பதினொரு மணிக்குத் தொட்டியடிக்குப் போகும் கூட்டம் குறைந்தது. பன்னிரண்டுக்கு பால்துரை எழுந்து உட்கார்ந்து, "பசை இருக்கா?" என்று கேட்டான். எல்லோருக்கும் உயிர் வந்தது.

அப்போதுதான் பர்னபாஸ் வந்தார். வெயிலில் வாடியது மாலையா அவரா என்று சொல்ல முடியவில்லை.

"மூணு வண்டி பாத்தாச்சு, ஒரு வெள்ளைக்காரியும் வரல! இங்க என்ன ஒரே ஈரமா கிடக்கு? ஏளா, நீ யாரு? வாசல்ல தண்ணியைக் கொட்டி வச்சிருக்க!"

அந்தப் பெண் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, துணிப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். பர்னபாஸ் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்புறம் காலியாக இருந்தது. மறுபடி முன்புறம் படித்தார்.

"மிஸ்... வில்பிரட்?"

"எஸ்தர் வில்பிரட். வில்பிரட்டுங்கறது எங்கப்பா பேரு. சாயர்புரத்துல வாத்தியாரா இருந்தாரு. நீங்க எந்த ஊரு?"

பர்னபாஸ் தன் ஊரைச் சொல்லவில்லை. மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தன் கழுத்திலேயே போட்டுக்கொள்ளப் பார்த்து, சுதாரித்துக்கொண்டார். பிளாரன்ஸ் பிள்ளை கழுவிய தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

மிஸ் வில்பிரட் பூக்கள் இருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இதில பிள்ளைங்க செஞ்சது எது, டீச்சர்?"

பர்னபாஸ் பிளாரன்ஸைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். எல்லாம் என்று சொல், எல்லாம் என்று சொல் என்றது அந்தக் கண். பிளாரன்ஸ் பாயைப் பார்த்தாள். இருபத்திரண்டு பேர். கொட்டகையின் ஓட்டுக் கூரையைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றாள். "நானும் சந்தனமாரியும்தான் செஞ்சோம்."

பர்னபாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

மிஸ் வில்பிரட் உட்கார்ந்து வெகுநேரம் எழுதினாள். எழுதியதைப் பர்னபாஸிடமே நீட்டி, "உரக்க வாசிங்க, டீச்சருக்கும் கேக்கட்டும்," என்றாள். அவர் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் மாறியது.

"மலர்க் கைவேலைக்கான பசையில் இக்குழந்தைகள் காட்டும் ஆர்வத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆசிரியை உண்மையுள்ளவர். நன்று. இக்கொட்டகை தொடர்ந்து நடைபெற வேண்டும். பசைக்கான மாவு மழைக்காலம், விடுமுறைக்காலம் எதிலும் குறைக்கப்படலாகாது. பச்சை நிறம் ஹெட் கிளார்க்கின் சொந்த யோசனை என்று அறிகிறேன். ஆகவே இனி அன்றன்று காய்ச்சும் பசையில் முதல் கரண்டியை ஹெட் கிளார்க் உண்டு பார்த்த பிறகே..." அவர் நிறுத்தினார். "அம்மா, இந்தக் கடைசி வரி..."

"அதுதான் ரொம்ப முக்கியம்," என்றாள் மிஸ் வில்பிரட்.

சந்தனமாரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

துரையின் மோட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மிஸ் வில்பிரட் வாசலில் ஒரு குதிரைவண்டியைக் கூப்பிட்டாள். வழியனுப்ப வந்த பிளாரன்ஸ் நன்றி சொல்ல நினைத்தாள். வாயில் சந்தேகம்தான் வந்தது.

"அம்மா, கொட்டகை தப்பிச்சுது, சரி. ஆனா அடுத்த மாசமும் நீங்க பூ கேப்பிய. அப்பவும் இதுக பசையைத் தின்னுட்டா நான் என்ன செய்ய?"

மிஸ் வில்பிரட் வண்டிக்காரனுக்குக் கேட்காதபடி குனிந்தாள்.

"டாபடில் பூவை நானும் பார்த்தது கிடையாது, டீச்சர். கஞ்சிக்கு மாவு குடுங்கன்னு வருஷக்கணக்கா எழுதியும் ஒரு கம்பெனியும் அசையலை, பூ ஒட்டக் குடுங்கன்னு எழுதுனதும் எங்க கமிட்டி பாக்குற பதினொரு கம்பெனியும் குடுத்துட்டாங்க. அடுத்த மாசம் வெள்ளைப் பூதான் கேக்கப் போறேன், வெள்ளை நிறத்துக்குப் பால் பவுடர் வேணும்னு நீங்க மறக்காம எழுதிக் கேளுங்க."